தகரப் பேணிக்குள் ஒரு துண்டு கேக்

இந்த வருடம் எங்கள் வீட்டு நத்தார் (கிறிஸ்மஸ்) கேக் டிசம்பர் 21ஆம் திகதி இரவு பேக்கரிப் போறணைக்குப் போகிறது. பேக்கரிக்காரரிடம் போன வாரமே சொல்லி வைத்துவிட்டேன். மூன்று தட்டுகள். பாண் வேலையெல்லாம் முடிந்து, போறணையின் உக்கிரம் தணிந்த பிறகுதான் அவை உள்ளே போக வேண்டும். பாண் வேகும் சூட்டில் ரிச் கேக்கை வைத்தால் மேலே கருகிவிடும், நடுவில் களியாக நிற்கும். இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வருடாவருடம் சொல்கிறேன். அவரும் வருடாவருடம் முதன்முறை கேட்பவர் போலத் தலையாட்டுகிறார்.

லயத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு ஸ்தோப்பு, மூலையில் விறகடுப்பு. அங்கே போறணைக்கு எங்கே போவது? மாஜரினையும் சீனியையும் கை கடுக்க அடித்து, மாவைக் கலந்து, தட்டில் ஊற்றி, பழைய பத்திரிகையால் மூடி, தலையில் சுமந்துகொண்டு டவுனுக்கு நடப்போம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. ஹட்டன் டவுனுக்குக் குறுக்குப் பாதையில் ஒரு மணி நேரம். தட்டு சாயக் கூடாது, மழை படக் கூடாது, அட்டை கடித்தாலும் குனியக் கூடாது. பேக்கரிப் பின்கட்டில் நாற்பது ஐம்பது தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஈர்க்கில் குத்திய துண்டுச் சீட்டு. அதில் வீட்டுக்காரர் பெயர், தோட்டம், பிரிவு.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் நாங்கள் தூக்கி வந்தது வேறு யாருடையதோ. பார்க்க எல்லாக் கேக்கும் ஒரே கறுப்புத்தானே! வெட்டிய பிறகுதான் அம்மாயி, அம்மாவின் அம்மா, மூக்கைச் சுளித்தார். அதில் பிராந்தி இருந்தது. தாத்தா குடிக்கத் தவறணைப் பக்கமே போவதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்ந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் நான்கு துண்டுகளைச் சாப்பிட்டு முடித்தார். ஐந்தாவதுக்குக் கையை நீட்டியபோது அம்மாயி தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். 26ஆம் திகதி மத்தியானம் டவுனிலிருந்து ஓர் அம்மா எங்கள் கேக்கின் மிச்சத்தோடு வந்தார். சண்டை போடப்போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரோ, "இதில் என்ன போட்டீர்கள்? ஒரு தனி வாசம் வருகிறதே" என்று கேட்டார்.

தேயிலைதான். வேறென்ன இருந்தது எங்களிடம்? பங்களாக்களில் பிளம்ஸையும் பேரீச்சம்பழத்தையும் சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசியையும் இஞ்சித் தோசியையும் நவம்பரிலேயே பொடியாக நறுக்கிப் பிராந்தியில் ஊறப்போடுவார்கள். அம்மாயி அதையே கடுஞ்சாயத்தில் ஊறப்போட்டார். மூன்று நாள்தான், அதற்கு மேல் வைத்தால் புளித்துவிடும். அம்மாயியின் அண்ணன் துரை பங்களாவில் சமையல்கார அப்புவுக்குக் கையாளாக இருந்தவர். சமையல் முறையைத் தாளில் அல்ல, கண்ணில் பிடித்துக்கொண்டு வந்தார். அளவெல்லாம் டின்பால் பேணிக் கணக்கு: ரவை இரண்டு பேணி, சீனி இரண்டு பேணி, கஜு கையில் காசு இருக்கிற அளவு. என் மனைவி இப்போது தராசு வைத்துத்தான் செய்கிறாள். ஆனால் ரவையை நிறுத்து முடித்த பிறகு, அந்தப் பேணியாலும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்கிறாள்.

இந்தக் கேக்கின் பூர்வீகத்தைத் துருவினால் வேடிக்கையாக இருக்கும். பழங்களைப் போட்டுச் செய்யும் கறுப்புக் கேக் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதில் கோதுமை மாவுக்குப் பதில் ரவை, பாதாமுக்குப் பதில் கஜு, ரோஸ் எசன்ஸ், பூசணித் தோசி என்று சேர்ந்ததெல்லாம் இந்த நாட்டுக் கை. இங்கே செய்கிற இன்னொரு கேக்கான லவ் கேக்குக்குப் போர்த்துக்கேயர் காலத்து உறவு சொல்கிறார்கள். பறங்கியர் வீடுகளில் நத்தார் காலையில் வெட்டும் புரூடர், ஒல்லாந்தர் விட்டுப்போனது. அதைச் சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸோடு சாப்பிடுவார்கள். நான் ஒரே ஒரு முறை சாப்பிட்டிருக்கிறேன். உலர்ந்த திராட்சை போட்ட பணிஸ் போல இருந்தது. வெளியே சொல்லவில்லை.

நான் இருபத்திரண்டு வருடங்களாக ஹட்டனில் ஒரு கடதாசிக் கடையில் கல்லாவுக்கு அடுத்த மேசையில் நிற்பவன். பள்ளிக்கூடக் கொப்பிக் காலம் ஜனவரி. அதற்கு முந்திய மாதம் முழுவதும் ரிபன், மினுக்குக் கடதாசி, நட்சத்திரக் கூடு, கேக் பெட்டி. முன்பெல்லாம் வாழ்த்து அட்டைகளுக்கு மட்டும் மூன்று தட்டுகள் ஒதுக்கியிருந்தோம். இப்போது ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். அதிலும் பாதி போன வருடத்துச் சரக்கு. அச்சடித்த முதல் நத்தார் அட்டை 1843இல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவருக்கு நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. ஓவியர் ஒருவரைப் பிடித்துப் படம் வரைவித்து அச்சடித்தார், மிச்சத்தை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். படத்தில் குடும்பமே கிண்ணத்தைத் தூக்கி வைன் குடிக்கிறது, குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுகிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அம்மாயி அங்கே இருந்திருந்தால் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பார்.

எங்கள் கடைக்கு வந்த அட்டைகளில் எப்போதும் பனிதான். கூரையில் பனி, மணிக்கூண்டில் பனி, குருவியின் தலையிலும் பனி. சிறுவனாக இருந்தபோது அதை அழகு என்று நினைத்ததே இல்லை. நுவரெலியாப் பக்கம் டிசம்பர் கடைசியில், ஜனவரியில், விடியற்காலை உறைபனி விழும். விழுந்த இடத்தில் கொழுந்து கருகிப்போகும். கொழுந்து இல்லையென்றால் நிறை இல்லை, நிறை இல்லையென்றால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அட்டையில் பனியைப் பார்த்தால் அம்மா, "பாவம், அந்த ஊரில் எப்படிப் பேர் போடுவார்கள்?" என்பார். விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன கிழமை பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மினுக்குக் கடதாசி வாங்க வந்தாள். ஒட்டுவதற்கு எழுத்து வெட்ட வேண்டுமாம். "மாமா, நத்தார் சரியா, கிறிஸ்மஸ் சரியா?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரண்டும் சரிதான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கடையில் வேறு ஆள் இல்லாததால் உட்கார வைத்துச் சொன்னேன். நத்தார், போர்த்துக்கேயரின் 'நத்தால்'. பிறப்பு என்று பொருள். 1505இல் வந்தவர்கள் விட்டுப்போன சொல். சிங்களவர்களுக்கும் அது நத்தல். நாம் பாண் என்கிறோமே, அலுமாரி என்கிறோமே, சப்பாத்து, மேசை, கதிரை, போறணை, எல்லாம் அவர்களுடையவை. நம்முடைய பாட்டன் பூட்டன் அவர்கள் போய் இருநூறு வருடங்கள் கழித்துக் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த அவர்கள் வாயில் கிறிஸ்மஸ்தான் இருந்தது. கரையில் கிடந்த நத்தார் மலைக்கு ஏறி வர வெகுகாலம் ஆனது. பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதில் எழுத்து குறைவு?" என்றாள். நத்தாரையே வெட்டிக்கொண்டு போனாள்.

25ஆம் திகதி விஷயத்தை அவளிடம் எடுக்கவில்லை. சுவிசேஷத்தில் திகதியே கிடையாது. ரோமாபுரியில் டிசம்பர் 25ஐக் கொண்டாடியதற்குக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு 336ஆம் ஆண்டைச் சொல்கிறது. ஆர்மீனியத் திருச்சபையார் இன்றும் ஜனவரி 6ஆம் திகதிதான் கொண்டாடுகிறார்கள். இதை ஒருமுறை எங்கள் பங்குத் தந்தையிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "உன் பிறந்த திகதி எது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பிறப்பைத் தோட்டத்தில் இரண்டு மாதம் கழித்துத்தான் பதிந்தார்கள். பதிவு நாளே பிறந்த நாள். அவருக்கு அது தெரியும்.

குடில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. அதை மட்டும் மனைவியிடம் கூட விடுவதில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கட்டி, வைக்கோல் பரப்பிக் குடில் அமைத்ததிலிருந்து இந்த வழக்கம் பரவியது என்பார்கள். சுவிசேஷத்தில் தீவனத் தொட்டி இருக்கிறதே தவிர மாடும் கழுதையும் இல்லை. அவை எசாயாவின் முதலாம் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. ஞானிகள் மூவர் என்றும் எங்கும் எழுதவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. எங்கள் தோட்டத்துக் கோயிலில் இன்னொரு சிக்கல் இருந்தது. செம்மறியை யாரும் பார்த்ததில்லை. களிமண்ணில் பிள்ளைகள் செய்த ஆடுகளெல்லாம் வெள்ளாடுகள். வாலைத் தூக்கிக்கொண்டு, காதைத் தொங்கவிட்டுக்கொண்டு, சில தாடியோடு. மாடு மட்டும் அச்சு அசல். ஏனென்றால் கீழ் லயத்தில் பால் மாடு வைத்திருந்தவர் மாட்டைச் செய்யும் உரிமையை யாருக்கும் கொடுப்பதில்லை. பசுவுக்கு மடி இருக்கிறதா, சுரப்பு தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். பாலன் படுக்கும் இடத்துக்கு வைக்கோல் கிடைக்காது, நெல் விளையாத ஊர். மானாப்புல்லைக் காயவைத்துப் பரப்புவோம். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பாசியைப் போர்த்தினால் பெத்லகேம் மலை. நான் இன்றும் வீட்டில் கூடையைத்தான் கவிழ்க்கிறேன். அம்மாவின் கூடை, கயிறு தேய்ந்து நெற்றிப் பக்கம் வழுவழுப்பாகிவிட்டது.

மரம் வைப்பது ஜேர்மன்காரர் பழக்கம். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் அந்த ஊர்க்காரர். அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வந்த பிறகு இங்கிலாந்தெங்கும் அது பரவியது. துரைமார் அதை இங்கே கொண்டுவந்தார்கள், அதற்கேற்ற சைப்பிரஸ் மரங்களும் அவர்கள் நட்டவைதான். எங்களுக்குக் கிளை போதும். காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைக்கும் நேரத்தில் ஒரு கிளையை வெட்டி, பால்மாப் பேணியில் கல்லை நிரப்பி நட்டுவிடுவோம். ஒரு வாரத்துக்கு லயமெல்லாம் சைப்பிரஸ் வாசம், விறகுப் புகையையும் மீறி. நத்தார் தாத்தா வேஷம் நான் ஒரு வருடம்தான் போட்டேன். மழையில் பஞ்சுத் தாடி நனைந்து கழுத்தை இழுத்தது. மேல் லயத்தில் ஒரு குழந்தை பயந்து அலறி அதற்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மூலக் கதையில் வரும் நிக்கலஸ், இன்று துருக்கியில் இருக்கும் மைரா ஊரின் ஆயர். சீதனம் இல்லாத மூன்று பெண்களுக்காக ராத்திரியில் பொன் முடிச்சுப் போட்டுவிட்டு ஓடியவராம். அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் மூன்று முடிச்சோடு முடிந்திருக்காது.

இதெல்லாம் புத்தகத்திலும் மகளுடைய தொலைபேசியிலும் தேடினால் கிடைக்கிற கதை. எங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற ஒரு வழக்கத்தின் மூலம் எதிலும் கிடைக்கவில்லை.

கேக்கின் முதல் துண்டை நாங்கள் சாப்பிடுவதில்லை. எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, மலிபன் பிஸ்கட் பேணிக்குள் வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். தைப்பொங்கல் அன்று காலையில்தான் அது இறங்கும். அப்பா வழியில் சைவம், அதனால் பொங்கலும் எங்கள் வீட்டுப் பண்டிகைதான். பொங்கல் பொங்கி இறக்கியதும் அந்தத் துண்டை வீட்டிலுள்ளவர்கள் எண்ணிக்கைக்கு வெட்டி, ஆளுக்கு ஒரு விரலளவு. சிறு வயதில் கேட்டபோது "பாலன் ஏசுவுக்கு" என்றார்கள். உலகத்தில் எல்லாக் கத்தோலிக்கரும் இப்படித்தான் என்று இருபது வயது வரை நம்பினேன். நோர்வூட்டில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் பொங்கலன்று போய், "கேக் துண்டு எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அவன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றார்.

அம்மாயி போன பிறகு அம்மாதான் சொன்னார். அம்மாயிக்கு ஒரு தங்கை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இங்கே நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் சின்ன அம்மாயி குடும்பமும் ஒன்று. விண்ணப்பம், விசாரணை, கடவுச்சீட்டு என்று ஒன்பது வருடங்கள் இழுத்து, 1973 டிசம்பரில் புறப்பட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி, வழியனுப்புபவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கு அப்படிப் பெயர். தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அம்மாயி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாராம்: கடதாசிகளில் ஏதோ ஒரு பெயர் பிழையாக இருந்தது, மன்னாரில் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்தால் பிள்ளைகள் பசியோடு வருவார்களே! அதனால் நத்தாருக்குச் செய்த கேக்கில் முதல் துண்டை எடுத்து வைத்தார். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மண்டபம் முகாமிலிருந்து தபால் அட்டை வந்தது. சேர்ந்துவிட்டோம், கோத்தகிரிப் பக்கம் அனுப்பப்போகிறார்கள். பொங்கலன்று அம்மாயி பேணியை இறக்கினார்.

கதையைக் கேட்டு நான் உருகிப்போய் இருந்தபோது பெரிய மாமா குறுக்கிட்டார். அவருக்கு 1973இல் பதினெட்டு வயது.

"கேக்காம் கேக்! எழுபத்து மூன்றில் ஏது கேக்? மாவுக்கே வரிசை. தோட்டத்தில் ஆட்கள் இலைகுழையை அவித்துத் தின்ற வருடம். அது மரவள்ளிக் கிழங்கு மா ரொட்டி. கித்துள் கருப்பட்டி ஒரு கட்டி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பொங்கலுக்குள் கல்லாகிவிட்டது. சாயத்தில் ஊறவைத்துத் தின்றோம்."

"கேக்தான்" என்றார் அம்மா.

"ரொட்டி. எனக்குப் பல்லில் வலி இன்னும் இருக்கிறது."

"அண்ணன் அந்த நத்தாருக்கு வீட்டிலேயே இல்லை, வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார்."

"பொங்கலுக்கு இருந்தேனே!"

தபால் அட்டையில் மட்டும் இருவருக்கும் பிணக்கில்லை. நான் மாமா பக்கம். 73, 74 தோட்டப்புறத்துக்கு என்ன காலம் என்பதை அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தோடு, கேக் என்றால் சாயத்தில் ஊற வேண்டும் என்று அம்மாயி ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தார் என்பதற்கும் அதில் ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இன்னும் இருபது வருடங்களுக்கு அந்தக் கேக் கேக்காகவே இருக்கட்டும்.

இந்த வருடத் திட்டம் இதுதான். மகள் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் கணக்கு எழுதுகிறாள். 24ஆம் திகதி மத்தியானம்தான் விடுவார்களாம். கோச்சியில் இடம் கிடைக்கவில்லை, பஸ்ஸில் வருகிறாள். கினிகத்தேனை தாண்டியதும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். மகன் கட்டாரில். அவனுக்கு அன்று வேலை நாள். அங்கே இரவு ஒன்பதரை ஆகும்போது இங்கே நள்ளிரவுப் பூசை மணி அடிக்கும், தொலைபேசியை மணிப் பக்கம் தூக்கிப் பிடிப்பது என் பொறுப்பு. அம்மாவுக்கு மலையேற முடியாது, முச்சக்கர வண்டி சொல்லியாயிற்று. 25ஆம் திகதி காலையில் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. தீபாவளிக்கு அவர்கள் அனுப்பிய தட்டுகள் எல்லாம் நம் வீட்டில்தான் கிடக்கின்றன. வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது என்பதால் முறுக்கு இருநூறு சுட வேண்டும் என்கிறாள் மனைவி. மாமா மத்தியானம் வருவார். கேக்கை வெட்டும்போது "ரொட்டியை வெட்டுங்கள்" என்பார்.

சின்ன அம்மாயியின் பேரன் கோத்தகிரியில் இருக்கிறான். போன வருடம்தான் தொலைபேசியில் கண்டுபிடித்தோம். அவர்கள் வீட்டிலும் அந்தத் தபால் அட்டையைப் பற்றிப் பேச்சு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றான். ஆனால் அவனுடைய பாட்டி கடைசிவரை கேக்கைத் தேநீரில் தோய்த்துத்தான் சாப்பிட்டாராம். எங்கள் டிவிஷனிலிருந்து நான்கு பேர் ஜனவரி முதல் வாரத்தில் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள், திரும்பும்போது கோத்தகிரிக்கும் போய்விட்டு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பலாம் என்கிறாள் மகள். முதல் துண்டையா, இரண்டாவதையா என்பதில் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. முதல் துண்டு போய்விட்டால் பொங்கலுக்கு எதை இறக்குவது என்கிறார் அம்மா.

எதற்கும் இரண்டு பேணிகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். எண்ணெய்க் கடதாசி கடையிலிருந்தே நான்கு தாள் எடுத்துக்கொண்டேன். கணக்கில் எழுதிவிட்டேன்.